இல்லாத சீடி

கொழும்பு வெள்ளவத்தையில் நான் தங்கியிருந்த லொட்ஜுக்குக் கீழே ஒரு பாமசி. அங்கு மருந்து கொடுக்க நின்ற அம்மா ஒருவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மருந்துப் பெட்டியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, இரண்டு தரம் வாசித்த பிறகுதான் கையில் தருவார்.

அன்று பதினொரு மணிக்கு எனக்கு ஒன்லைன் இன்டர்வியூ. எட்டு மாதமாக வேலையில்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட என் லெப்டொப்பில் இன்டர்நெட் டொங்கிளைச் செருகியும் இன்டர்நெட் வரவில்லை. டொங்கிளுக்குக் காசு கட்டி ரீலோட் போட்டது அந்தப் பாமசியில் என்பதால் லெப்டொப்போடு இறங்கி ஓடினேன்.

அவர் திரையையும் இரண்டு தரம் வாசித்தார்.

"இது டொங்கிளைச் சீடி எண்டு காட்டுது, தம்பி. சீடிய வெளியில எடுங்கோ."

"இதுக்குள்ள சீடியே இல்லையே, அம்மா?"

"அது இருக்கெண்டு நினைக்குதே. எடுத்துப் பாருங்கோவன்."

குழப்பத்தோடு திரையில் 'வெளியேற்று' என்பதை அழுத்தினேன். சீடி வேஷம் கலைந்து, டொங்கிளின் விளக்கு நீலமாகியது. இன்டர்நெட் வந்துவிட்டது! மேலே ஓடிப்போய் இன்டர்வியூவில் சேர்ந்தேன். அந்த வேலையும் கிடைத்தது.

நன்றி சொல்லப் போனபோது கேட்டேன்: "அம்மா, உங்களுக்கு லினக்ஸ் தெரியுமோ?"

அவர் பின்னாலிருந்த அலுமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த மருந்து எங்களிட்ட இல்லை, தம்பி."

பகிடிக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.