நியூ மால்டனில் ஒரு மரமேடை

தெற்கு லண்டனின் நியூ மால்டனில் கொரிய உணவகம் ஒன்றைத் தேடி, திறந்திருந்த ஒரு கேட்டுக்குள் நுழைகிறேன். முற்றத்தில் முழங்கால் உயரத்துக்கு அகலமான மரப்பலகை மேடை. கட்டிலா, மேசையா என்று புரியவில்லை. ஆறேழு கொரியர்கள் செருப்பைக் கீழே விட்டு, மேலே சம்மணமிட்டுச் சாப்பிடுகிறார்கள். ஓர் அம்மாள் சிரித்தபடி கையசைத்துக் கூப்பிடுகிறார். ஷூவைக் கழற்றிவிட்டு ஏறி உட்காருகிறேன். கேட்காமலே வெங்காயத்தாள் போட்ட அடை வருகிறது. மெனு கேட்டால் எல்லோரும் விழிக்கிறார்கள்.

அந்தக் கொரியர்களுக்கு நடுவே, எனக்கு அருகில் இருந்த தமிழர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் தமிழில் பேசுகிறார்.

"இது கடையில்லை, இவையின்ரை வீடு. இந்த மேடையைப் பியொங்சாங் எண்டு சொல்லுவினம். நான் பக்கத்து வீடு. உங்களை என்ரை அண்ணை எண்டு நினைச்சிட்டினம்."

"உங்க அண்ணன் எங்கே?"

"யாழ்ப்பாணத்தில. இந்தக் கிழமை வாறதா இருந்தது, விசா கிடைக்கேல்லை. அவருக்காகத்தான் இந்தச் சாப்பாடு. இவைக்குச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

எழுவதா, இருப்பதா என்று தெரியாமல் திகைக்கிறேன். எப்போது வந்து சேர்ந்தீர்கள் என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கேட்கிறார். மதுரைக்காரனான நான் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கிறேன். அவர் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நேற்று" என்கிறேன்.