ஈரம் காயாத சோபா

அத்தையைப் பெண் பார்க்க மூவார் என்ற ஊரிலிருந்து ஆட்கள் வருவதற்கு நான்கு நாள் முன்பு, என் பூனை எங்கள் புது சோபாவில் மூத்திரம் பெய்துவிட்டது.

புது சோபா என்றால் எங்களுக்குத்தான் புதுசு. மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று வெள்ளைக்கார துரைகள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்த அலுவலகத்துத் துரையும் கப்பலேறும் முன் வீட்டுச் சாமான்களை விற்றார். பச்சை வெல்வெட் தைத்த, மூன்று பேர் உட்காரக்கூடிய அந்த சோபாவை அப்பா மாட்டு வண்டியில் ஏற்றி மலாக்காவில் நாங்கள் இருந்த காஜா பேராங் தெருவுக்குக் கொண்டுவந்தபோது தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. துரையின் நாய் அதில்தான் படுத்துத் தூங்குமாம். இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. என் பூனை மட்டும் மோந்து கண்டுபிடித்துவிட்டது. நாட்டுக்கு முன்னால் அது முந்திக்கொண்டு, ஜன்னலோர மூலையில் வாலைத் தூக்கித் தன் சுதந்திரத்தை அறிவித்துவிட்டது. மூடியிருந்த கூடத்துக் கதவைத் திறந்து அதை உள்ளே விட்டவள் நான். எனக்கு அப்போது ஆறு வயது.

அத்தைக்கு இருபத்தாறு. அந்தக் காலத்தில் அது வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத எண். ஏற்கெனவே இரண்டு வீட்டார் வந்து, கேசரி சாப்பிட்டு, கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடிதம் வரவில்லை. இந்த முறை எந்தக் குறையும் இருக்கக்கூடாது என்றுதான் அப்பா சோபாவே வாங்கினார். அத்தை யாரையும் திட்டவில்லை. சோபாவில் குனிந்து ஒருமுறை மோந்து பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா சும்மா இருப்பவளா? கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றி, துணி சோப்பைப் போட்டுப் பரபரவென்று தேய்த்தாள். நாற்றம் அடங்குவதற்குப் பதில் உள்ளே இறங்கிக் குடிபுகுந்தது. அடுத்து எனக்கு எண்ணெய்க் குளியல் முடிந்ததும் தலைக்குப் பிடிப்பதைப்போல, சோபாவுக்கு அடியில் தணலை வைத்துச் சாம்பிராணிப் புகை போட்டாள். கடைசியில் ஒரு செம்புப் பன்னீரையும் தெளித்தாள். கல்யாண வீட்டு வாசலில் பத்துப் பூனைகள் பந்திக்குக் காத்திருப்பதுபோல ஆயிற்று எங்கள் கூடம்.

அந்த மணம் வேலியைத் தாண்டிப் போய்த்தான் பீபிக்கை அழைத்துவந்தது. பக்கத்து வீட்டுக்காரி; வயதில் பெரிய பெண்களை அங்கே பீபிக் என்றுதான் கூப்பிடுவோம். மலாக்கா செட்டிக் குடும்பம். நெற்றியில் திருநீறு இருக்கும், பூஜையறையில் முருகன் இருப்பார், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். இடுப்பில் சாரோங்கும் மேலே கெபாயா சட்டையுமாக வந்து நின்று, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல மெத்தையை நாலு இடத்தில் மோந்தாள். வெந்நீர் ஊற்றியதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். நாற்றத்தை வேகவைத்துவிட்டாயே என்று மலாயில் அம்மாவை ஒரு பிடி பிடித்தாள்.

பிறகு அவள் ராஜ்ஜியம். சோபாவைக் குப்புறக் கவிழ்த்து, அடித்துணியின் தையலைப் பிரித்து, மஞ்சளாக ஊறிப்போயிருந்த தேங்காய் நாரை அள்ளி வெளியே போட்டாள். மேல்துணியில், சூக்கா என்கிற வினிகரும் பச்சைத் தண்ணீரும் சரிபாதி கலந்து, மூத்திரம் எவ்வளவு ஆழம் போயிருக்குமோ அவ்வளவு ஆழத்துக்கு ஊற்றினாள். தேய்க்கவே விடவில்லை. பழைய துணியை மடித்து மடித்து வைத்து உடம்பின் பாரத்தை எல்லாம் போட்டு அழுத்தி உறிஞ்சி எடுத்தாள். அதன்மேல் ஆப்பசோடாவை மாவு தூவுவதுபோலத் தூவி, மறுநாள் தூரிகையால் தட்டி, மீண்டும் சூக்கா, மீண்டும் சோடா. நாருக்குப் பதில் அவள் வீட்டுத் தலையணை ஒன்றைக் கிழித்து இலவம் பஞ்சை அடைத்துத் தைத்தாள். அம்மா கூச்சத்தோடு, “பீபிக், தலையணை எதுக்கு?” என்று மலாயும் தமிழும் கலந்து கேட்டாள். தலையணை இல்லாவிட்டாலும் எனக்குத் தூக்கம் வரும், உன் நாத்தனாருக்குத்தான் வராது என்று பதில் வந்தது.

நல்ல வெயில் ஒரு நாள் அடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வெள்ளியும் சனியும் விடாமல் மழை. ஞாயிறு காலையில் பூனையின் நாற்றம் சுத்தமாகப் போயிருந்தது. ஈரம் போகவில்லை. ஜன்னலோரப் பக்கம் கையை வைத்து அழுத்தினால் தண்ணீர் கசிந்தது, காயாத சூக்கா வாடையும் வந்தது. இதெல்லாம் பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் பார்த்தது, சோபாமேல் பூப்போட்ட புது விரிப்பு ஒன்றைத்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அரக்குப் பட்டு சரசரக்க நேராக ஜன்னலோர மூலைக்கு நடந்தார். அம்மாவின் முகம் வெளுத்தது. அப்போது பின்கட்டிலிருந்து பலகாரத் தட்டோடு வந்த பீபிக், தட்டை மேசையில் வைத்த கையோடு அந்த மூலையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

விருந்தாளியை முந்திக்கொண்டு யாராவது உட்காருவார்களா? மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் அமர்ந்து இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினார். பீபிக் சிரித்துக்கொண்டே, விடியற்காலையிலிருந்து அச்சார் ஊறுகாய் போட்டேன், இந்தச் சூக்கா வாடை என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அந்த அம்மாளுக்கு மலாய் நன்றாகத் தெரியும். சோபாவின் மறுகோடிக்கு நகர்ந்துகொண்டார்.

அத்தை வந்தாள், வணங்கினாள், காபி கொடுத்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் முடிந்துவிட்டது என்று பிற்பாடு அப்பா சொல்வார். அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். பீபிக் மட்டும் அசையவில்லை.

வாசலில் செருப்பைப் போடும்போது மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம், “எல்லாம் சரிதாம்மா. அந்தப் பக்கத்து வீட்டம்மாவுக்கு மட்டும் தட்டு மாத்துறப்பக்கூட எந்திரிச்சு நிக்கத் தெரியலயே” என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அது பீபிக்கின் காதிலும் விழுந்தது. அவளுக்குத் தமிழ் பேச வராதே தவிர, குரலில் இருப்பது புரியாமலா போகும்?

வண்டி தெரு முனை திரும்பியதும் அவள் எழுந்தாள். பெருநாளைக்கு மட்டும் கட்டும் பாத்திக் சாரோங், பின்பக்கம் முழங்கால் வரை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாவம், பீபிக்குக்கு அடக்க முடியாமல் போய்விட்டது. அதனால்தான் எழுந்திருக்கவில்லை. எனக்கும் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் அப்படி ஆகியிருக்கிறது. ஓடிப்போய் என் துண்டை எடுத்துவந்து அவளிடம் நீட்டி, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று காதோடு காதாக மலாயில் சொன்னேன்.

பீபிக் சிரிக்கவே இல்லை. துண்டை வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டு, என் கன்னத்தை இரு கையாலும் பிடித்து, “தெரிமா காசே, சாயாங்” நன்றி கண்ணே என்று மிகவும் மரியாதையாகச் சொன்னாள்.

பெரிய மனுஷி ஒருத்தியின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிறைவில், அந்த நன்றியை நான் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன்.