அரண்மனையிலிருந்து வராத பெயர்

என் மகள் பிறந்து இருபத்தெட்டு நாட்கள் ஆகியும் அவளுக்குப் பெயர் இல்லை. ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டியில், பிரெஞ்சில் குழந்தை என்று பொருள்படும் 'பேபே' என்று எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் பேபேதான். மொன்றியலில் பிறந்த பிள்ளையை முப்பது நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமல் எதைப் பதிவது?

பெயர் திருகோணமலையிலிருந்து வரவேண்டும். என் கணவரின் குடும்பத்தில் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பது மூத்த அண்ணரின் உரிமை. பஞ்சாங்கம் பார்த்து அவர் சொல்வார். லண்டனில் பிறந்தாலும் சூரிச்சில் பிறந்தாலும் அதைத்தான் வைப்பார்கள். மற்றத் தம்பிமாரின் ஆண்பிள்ளைகள் நால்வருக்கும் பிறந்த அன்றே பெயர் வந்துவிட்டதாம். அந்த வீட்டின் முதல் பெண்பிள்ளை என்னுடையவள். என் கணவர் தொலைபேசி அட்டைகளைச் சுரண்டிச் சுரண்டி அழைத்தார். ஊரில் சண்டை ஓய்ந்திருந்த காலம் அது; லைன் கிடைக்கவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வந்தது.

"பொறு தம்பி, பேந்து பாத்துச் சொல்லுறன். பொம்பிளைப் பிள்ளைதானே, என்ன அவசரம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். அண்ணரோடு நான் நேரே கதைத்ததே இல்லை. சுகம் விசாரிப்பதுகூடக் கணவர் வழியாகத்தான். என்னிடம் ஒரு பெயர் இருந்தது என்பதும் ஒருவருக்கும் தெரியாது. டோர்வல் விமான நிலையத்தில் எனக்கு வேலை; விமானத்துக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, வயிற்றில் இருந்தவளை அந்தப் பெயரால்தான் வாய்க்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இருபத்தெட்டாம் நாள், என்னோடு தட்டு அடுக்கும் சீனப் பெண் பிள்ளையைப் பார்க்க வந்தாள். பிள்ளைக்கு மாதம் நிறையும்போது அவர்கள் கொடுக்கும் சிவப்புச் சாயமிட்ட அவித்த முட்டைகளைப் பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள். தன் ஊரில் சரித்திரம் படிப்பித்தவள். எங்கள் இருவரின் அரைகுறை பிரெஞ்சில் பெயர் என்ன என்று கேட்டாள். இன்னும் வரவில்லை என்று விஷயத்தைச் சொன்னேன். உரித்துக்கொண்டிருந்த முட்டைக் கோது தெறிக்கச் சிரித்தாள்.

"இது மிங் அரண்மனைக் கதை" என்றாள். முன்பு சீனாவை ஆண்ட அந்த வம்சத்தின் முதல் சக்கரவர்த்தி, தன் பிள்ளைகளின் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பாட்டு எழுதி வைத்தாராம். அதில் தலைமுறைக்கு ஒரு சொல். அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் எல்லோருடைய பெயரிலும் அது வரவேண்டும். வம்சம் பெருகியது. எந்த மூலையில் பிள்ளை பிறந்தாலும் பெயர் அரண்மனையிலிருந்து வரவேண்டும். அங்கிருந்த அதிகாரிகளுக்குக் கையூட்டுக் கொடுக்காவிட்டால் பெயர் வராது. பெயர் வராவிட்டால் கலியாணமும் இல்லை. தலை நரைத்த பிறகும் பெயருக்காகக் காத்திருந்த அரச குலத்தவர்கள் இருந்தார்களாம்.

"பெண்பிள்ளைகள்?" என்று கேட்டேன்.

"அவர்கள் பெயரைப் பெரும்பாலும் ஏட்டில்கூட எழுதவில்லை" என்று சொல்லிவிட்டு, என் மகளின் உள்ளங்காலை நிமிண்டினாள். "இவள் எந்த அரச குடும்பம்?"

அவள் பகிடியாகத்தான் கேட்டாள். எனக்கு நெஞ்சில் தைத்தது.

முப்பதாம் நாள் காலை பிள்ளையைக் குளிர்க் கோட்டுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியுமுன் வாசல் தாண்டக்கூடாது என்றார் கணவர். முப்பது நாள் கெடுவுக்கு அது தெரியாது என்றேன். மெற்றோ ஏறி டவுன்டவுன் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அவர் நடைவழியில் நின்று இன்னொரு தொலைபேசி அட்டையைச் சுரண்டினார். நான் பேனையை எடுத்து, பத்து மாதம் சுமந்த பெயரைப் படிவத்தில் எழுதினேன். அவர் ஓடி வந்து பார்த்தார்.

"அண்ணை என்ன சொல்லுவாரோ?"

"உங்கடை அண்ணை சக்கரவர்த்தி இல்லை. கையெழுத்தை வையுங்கோ."

அந்தப் பெயரை விரலால் தொட்டு வாசித்தார். பிறகு, "வடிவான பேர்" என்று கையெழுத்திட்டார். படிவத்தை வாங்கிய அலுவலகப் பெண் அதை உரக்க வாசித்தாள். அவள் வாயில் சற்று வளைந்தாலும் அது பெயராகவே வந்தது. எனக்குக் கத்திச் சிரிக்க வேண்டும் போலிருந்தது.

இரண்டு நாள் கழித்து அண்ணரே அழைத்தார். ரிசீவரை எடுத்த கணவர் அதைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எழும்பிப் போய் அதை வாங்கினேன்.

"தம்பி, பேர் பாத்திட்டன். எழுது."

"அண்ணை, நான் கதைக்கிறன். பிள்ளைக்குப் பேர் வைச்சுப் பதிஞ்சாச்சு."

"ஆர் வைச்சது?"

"நான்தான். பெத்தவள்."

அந்தப் பக்கத்தில் தொண்டையைச் செருமுவது கேட்டது. எங்கள் வீட்டுப் பெயர்களை எல்லாம் சொல்லி எழுதவைத்த அந்தக் குரல், இம்முறை இறங்கி வந்தது.

"என்ன பேர்?"

சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார், நடுவில் தடுக்கியது. மறுபடியும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் முறை சரியாகச் சொன்னார்.

"ஓம் அண்ணை" என்றேன். "அப்பிடித்தான் அவளைக் கூப்பிடவேணும்."