செல்வி தூக்காத கை

போன வாரம் எங்கள் ஊரில் கிராம சபை. ஊர், கொட்டாரத்துக்குப் பக்கம்தான்.

கல்யாண மண்டபத்து அண்ணாச்சி, கார் நிறுத்துவதற்காகத் தெரு ஓடையை ஸ்லாப் போட்டு மூடிவிட்டார். மழை பெய்தால் தண்ணீர் நேரே தையல்காரி செல்வி வீட்டுக்குள்தான் வருகிறது. ஸ்லாபை எடுக்கச் சொல்லித் தீர்மானம்.

“சம்மதம் உள்ளவங்க கை தூக்குங்க” என்றார்கள்.

நான் தூக்கினேன். முன் வரிசையில் இருந்த அண்ணாச்சி திரும்பி எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்புதான். செல்வியின் கை பாதி உயரம் வந்தது... தலையில் இருந்த பிச்சிப்பூவைச் சரிசெய்துவிட்டு இறங்கிவிட்டது!

தூக்கிய கைகள் போதவில்லை. தீர்மானம் அடுத்த சபைக்குத் தள்ளிப்போனது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னார்: “ஏட்டி, அவளுக்க கைய ஆராவது புடிச்சாவளா? மிரட்டுனாவளா? இல்லல்லா? பொறவு என்ன? நம்ம நாட்டுல சுதந்திரத்துக்கு ஒரு கொறச்சலும் இல்ல.”

எனக்கு மனசு ஒப்பவில்லை. தடுக்க ஆளில்லை என்றால் போதுமா? கை தூக்குகிற தெம்பு உள்ளே வேண்டாமா? மண்டைக்காட்டு அம்மன் குங்குமத்தை எடுத்துக்கொண்டு செல்வியின் தையல் கடைக்குப் போனேன்.

“நெத்தியில வச்சுக்க மக்ளே. தைரியம் தன்னால வரும்.”

பக்தியோடு வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

“தைரியமெல்லாம் நெறைய கெடக்கு அக்கா. இந்தக் கடை ஆருக்க எடம்? அண்ணாச்சிக்க எடம்லா!”

“அவரு நல்ல மனுஷனாச்சே. ஒன்ன ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா?”

“ஒரு நாளும் சொன்னதில்ல. ஆனா, இன்னைக்கும் நல்லவராத்தான் இருக்காராண்ணு ஷட்டரத் தூக்கும்போதே அவருக்க மொகத்தப் பாக்கணுமே! ஒங்களுக்கு அந்தப் பாடு உண்டா?”

வீட்டுக்கு நடந்துகொண்டே யோசித்தேன்.

தடையில்லை. தைரியமும் இருக்கிறது. அப்படியும், இன்னொருவரின் நல்ல மனசை நம்பித்தான் வாழவேண்டும் என்றால் அதற்குப் பெயர் சுதந்திரமா? அவர் ஒன்றும் செய்யமாட்டார் — சரி. செய்ய நினைத்தால்..? நாட்டுக்கும் இதேதானே? நல்லவர் ஆட்சிக்கு வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். வந்தவர் மனசு மாறினால் என்ன செய்வது என்று யோசிக்கிறோமா?

அடுத்த சபையில் கை தூக்க வேண்டாம், சீட்டு எழுதிப் போடலாம் என்று கேட்கப்போகிறேன். செல்வியிடம் சொன்னேன். “சீட்டுன்னா போடுவேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது, ‘எல்லோருக்கும் நல்ல புத்தி கொடு தாயே’ என்று வேண்டுவது வழக்கம். இந்த வாரம் ஒன்று சேர்த்துக்கொண்டேன்.

‘யாருக்காவது கொடுக்க மறந்துபோனாலும், செல்வி வீட்டுக்குள் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்!’