பூனையும் அப்பாவின் தும்மலும்

எங்கள் அப்பாவுக்கும் பூனைக்கும் ஆகவே ஆகாது. பூனை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே போதும், மூக்கு சிவந்து, கண்ணில் நீர் வழிய, அடுக்கடுக்காகத் தும்மத் தொடங்கிவிடுவார். கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகை உரித்துத் தூசி பறக்கும்போதுகூட அவருக்கு அப்படி வந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர், நான் நான்காவது படித்தபோது, தினமும் காலையில் பூனைப் பீயை வாரிக்கொண்டிருந்தார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

வில்லியனூரைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். அப்போது பழைய வீட்டை ஒட்டி ஒரு புது வீடு கட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தி வைத்திருந்தோம். வாசலில் ஒரு லோடு மணல் கொட்டிக் கிடந்தது. எனக்கு விளையாட, அம்மாவுக்குப் பாத்திரம் தேய்க்க, பூனைக்குக் குழி பறித்து மூட என்று எல்லாவற்றுக்கும் பயன்பட்டது, வீடு கட்டுவதைத் தவிர.

பூனை அம்மாவுடையது. சாம்பல் நிறம். பெயரெல்லாம் கிடையாது, "வாடி", "எங்கடி போன" என்றுதான் அதோடு பேசுவாள். முந்தைய வருஷம் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து மெலிந்து திரும்பிய நாட்களில் வந்து ஒட்டிக்கொண்ட குட்டி அது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

அம்மா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் சுத்துக்கேணியில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா. செருப்பைக் கழற்றும்போதே பூனையைப் பார்த்துவிட்டாள்.

"இந்த சனியன இன்னும் வூட்ல வச்சிகினு இருக்கீங்களா? பூன மயிரு வயித்துல போச்சின்னா புள்ள தங்காதுடி. ஒரு தபா பட்டது போதாதா?"

அம்மாவே உள்ளே போய்க் கோணிப்பையை எடுத்து வந்து கொடுத்தாள். நான் அழுது புரண்டதை யாரும் சட்டை செய்யவில்லை. அத்தை பூனையோடு டவுன் பஸ் ஏறி, சேதராப்பட்டில் ஒரு கம்பெனி கேண்டீனுக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தாள். சோற்றுக்குப் பஞ்சமில்லாத இடமாகப் பார்த்துத்தான் விட்டதாக என்னிடம் சொன்னாள். அத்தைக்கு இரக்கம் உண்டு.

எங்கள் பூனை இருந்தவரை வேறு பூனை எதுவும் எங்கள் வாசலை மிதித்ததில்லை. அது போனதும் தெருவிலிருந்த பூனையெல்லாம் எங்கள் மணலுக்கு வர ஆரம்பித்தன. அம்மா வழக்கம்போல அந்த மணலில் ஒரு பிடி அள்ளிக் கரிச்சட்டியைத் தேய்த்தாள். மணலை ஒட்டி முளைத்திருந்த கீரையைக் கிள்ளி வந்தாள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பூனைதான் போய்விட்டதே!

அடுத்த மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எல்லோருமாகப் போனோம். பூனையைத் தொலைத்துவிட்ட சேதியை அத்தை பெருமையாகச் சொன்னாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"தெருவுல மத்த பூனைங்க இருக்குமே, அதெல்லாம் எங்க போய் அசிங்கம் பண்ணுது?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. "எங்க மணல்லதான். அம்மா அதுலதான் பாத்திரம் வெளக்கும்."

பூனை மயிரால் ஒன்றும் ஆகாது என்றார் டாக்டர். பூனையின் மலத்தில் ஒரு கிருமி இருக்கக்கூடும். மண்ணிலும் கழுவாத கீரையிலும் ஒட்டியிருந்து, கை வழியாக வாய்க்குப் போனால் வயிற்றுப் பிள்ளையைத் தாக்கலாம். சரியாக வேகாத கறியிலும் அது இருக்கும். அம்மாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அடுத்த முறை போனபோது, அந்தக் கிருமி இதுவரை அம்மாவைத் தொடவில்லை, அதை எதிர்க்கும் சக்தியும் உடம்பில் இல்லை, அதனால்தான் இனி கூடுதல் கவனம் வேண்டும் என்றார். அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். "அப்போ அந்தப் பூனய திருப்பிக் கொண்டாரலாமா டாக்டர்?"

அத்தை வெடுக்கென்று திரும்பினாள். அம்மாவும்தான்.

"கொண்டாங்க. ஆனா அதோட அசிங்கத்த இவங்க தொடவே கூடாது. வேற யாராவது தெனமும் எடுத்துடணும். அப்படியே கெடந்தா ஒண்ணு ரெண்டு நாள்லயே அந்தக் கிருமி மத்தவங்களுக்குத் தொத்துற மாதிரி ஆயிடும்."

அப்பா மொபெட்டில் சேதராப்பட்டு போய், கேண்டீன் சோற்றில் கொழுத்திருந்த பூனையைக் கூடையில் வைத்து, வழியெல்லாம் தும்மிக்கொண்டே வந்து சேர்ந்தார். மணலைத் தார்ப்பாயால் மூடிச் சுற்றிலும் செங்கல் வைத்தார். கொல்லைப்புறத்தில் உடைந்த டப் ஒன்றில் மணல் போட்டுப் பூனைக்கு ஒதுக்கினார். காலையில் எழுந்ததும் மூக்கைச் சுற்றித் துண்டு, கையில் பிளாஸ்டிக் பை. வாரித் தூரமாய்க் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவார். சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர் அவர். கீரையையும் தானே அலசினார். கறி கரைந்துபோகும்வரை அடுப்பை அணைக்க விடமாட்டார். பூனைக்கும் வெந்த மீன்தான்.

"ஆம்பள செய்ற வேலயாடா இது? ஊரே சிரிக்குது" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

"சிரிச்சிட்டுப் போவட்டும், நீ உள்ள போக்கா" என்று சொல்லிவிட்டு அப்பா தும்மினார். நானும் சிரித்தேன்.

தம்பி பிறந்தான். வீடு அதிரக் கத்தினான். குறையொன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது அத்தை பூனைக்கும் ஒரு மீன் துண்டு போட்டாள்.

அப்பாவுக்குப் பூனை மேல் ஆசை வந்துவிட்டதாகத்தான் நான் எண்ணியிருந்தேன். ஒருநாள் கேட்டும் விட்டேன். "ஆசயா? ஒடம்பெல்லாம் அரிக்குது பாப்பா" என்றார். பிறகு எதற்கு அவ்வளவு தூரம் போய்க் கொண்டுவந்தார்? அதைக் கேட்டதும் பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார்.

பதிலை நான் முன்பே பார்த்திருந்தேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த அம்மா அந்த வருஷம் சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தாள். யார் கூப்பிட்டும் எழவில்லை, என்னிடமும் பேசவில்லை. ஒரு மத்தியானம் எங்கிருந்தோ வந்த அந்தக் குட்டி அவள் முதுகுக்குப் பின்னால் நின்று விடாமல் கத்தியது. அம்மா மெல்லத் திரும்பினாள். "பசிக்குதாடி?" என்றாள். எழுந்து போய்ச் சோறு பிசைந்து அதற்கு வைத்துவிட்டு, மிச்சத்தைத் தானும் சாப்பிட்டாள். அப்பா வாசற்படியில் நின்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. பூனை வந்துவிட்டது, தும்முகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.