அண்ணன் ஊறவைத்த ஓமம்

எண்பத்து மூன்று கலவரத்தில் தெற்கில் தன் கடை எரிந்ததும் அண்ணன் மடத்துவெளிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வந்தவர் சும்மா இருக்கவில்லை என்பதுதான் குறை. கோழியை எப்போது அடைவைப்பது, சமைக்கும் குசினிக்குக் கதவு எந்தப் பக்கம், என் கைப்பிள்ளைக்கு எதனால் வயிறு ஊதுகிறது, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு இருந்தது. காலமெல்லாம் மல்லி, சீரகம், ஓமம் விற்றவர். விற்கத் தெரிந்ததால் விளைவிக்கவும் தெரியும் என்று எண்ணிக்கொண்டார்.

வீடு நின்ற காணி என் சீதனம். கிணற்றடியில் ஓமம் போடுவேன். பூக்குமுன் ஒவ்வொரு செடியாக இலையைக் கசக்கி முகர்ந்து, மணம் குறைந்ததைப் பிடுங்கி எறிவேன். அப்படிப் பல மாரி கழித்துக் கழித்துச் சேர்த்த விதை அது. போத்தலைத் திறந்தால் கண் கரிக்கும். வைத்தியத்துக்கு ஓம எண்ணெய் வடிக்கும் பரியாரியார் வேறெவரிடமும் ஓமம் வாங்குவதில்லை. விதைக்குமுன் எங்கள் கிணற்று உவர்த் தண்ணீரிலேயே ஊறவைத்து, நிழலில் உலர்த்திப் போடுவேன். பிறகு குடிக்கப்போகும் தண்ணீர் அதுதானே, முதலிலேயே பழகட்டும் என்பது என் கணக்கு. சரியோ பிழையோ, அப்படிப் போட்டால் சீராக முளைத்தது.

அந்த ஐப்பசியில், பிள்ளையை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பி வந்தபோது பாத்தி கொத்தி விதைத்து முடிந்திருந்தது. அண்ணன் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். வீடெல்லாம் ஓம வாசம்.

"உப்புத் தண்ணியிலை ஊறப்போட்டால் என்னெண்டு எண்ணெய் வைக்கும்? நான் ஓமத் திரவத்திலை ஊறப்போட்டனான், தங்கச்சி. உள்ளுக்கு மணம் ஏறினால்தானே வெளியிலை மணம் வரும்."

பிள்ளையின் வயிற்றுக்கென்று வைத்திருந்த ஓமத் திரவம் அது. குசினி யன்னலில் அந்தப் போத்தல் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் விதைப் போத்தலும் வெறுமை. ஒரு பிடிகூட மிச்சம் வைக்கவில்லை அந்த மனுசன்.

"கேக்காமல் ஏன் தொட்டனீங்கள்?"

"கேட்டால் நீ விட்டிருப்பியே?"

மழை பெய்தது. பாத்தியில் கோரைதான் வந்தது. மண்ணைக் கிளறி எடுத்த விதை, விரலில் நசுக்கினால் கூழாகப் போனது. அண்ணனின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், அவருடைய சாப்பாட்டைக் கதிரையில் வைத்துவிட்டு அப்பால் போய்விடுவேன். "விடும், பாவம்" என்றார் என் கணவர். அவருக்கும் சேர்த்து ஏச்சு விழுந்தது.

நான் ஆசையை விட்ட பிறகு, ஒருநாள் காலையில் பாத்தி முழுக்கப் பச்சை பிடித்திருந்தது. அண்ணனின் நடையே மாறிவிட்டது. வந்தவர் போனவருக்கெல்லாம் தன் திரவ வைத்தியத்தை விளக்கினார். எனக்கும் சந்தோசம்தான், மறைப்பானேன். என் விதை பிழைத்ததென்றால் அவர் எவ்வளவு துள்ளினாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

செடிகள் முழங்கால் உயரம் வந்ததும் வழக்கம்போல் ஓர் இலையைக் கசக்கினேன். வைக்கோல் மணம். அடுத்த செடியும் அப்படித்தான். பாத்தியின் கடைசிவரை கசக்கிக்கொண்டே போனேன். விரலில் பச்சை நிறம் ஒட்டியதுதான் மிச்சம்.

அண்ணனைக் கூப்பிட்டேன். "இது என்ர ஓமமில்லை. எங்கை வாங்கினனீங்கள்?"

"யாழ்ப்பாணத்திலை, கடையிலை. நீ இல்லாத நேரம் தூவினனான். ஓமம் ஓமம்தானே."

"தெற்கிலை உங்கடை கடையிலையும் இப்பிடித்தான், ஒண்டைக் காட்டி ஒண்டை வித்தனீங்களோ?"

சுடவேண்டும் என்றே சொன்னேன். சுட்டது. அவர் வாய் கோணியது.

"கடை போனதுக்குப் பிறகு, நான் கைவைச்ச ஒண்டாவது முளைக்கட்டும் எண்டு நினைச்சன், தங்கச்சி."

பாவமாகத்தான் இருந்தது. அதுதான் என் ஆத்திரத்தைக் கூட்டியது. என் விதையை அழித்தவரை இனி நான் வாய்விட்டு ஏசவும் முடியாமல் போயிற்றே. குனிந்து முதல் செடியைப் பிடுங்கினேன். அவர் பார்த்துக்கொண்டு நிற்க, ஒன்று விடாமல் பிடுங்கி ஆடுகளுக்குப் போட்டேன்.