பெயர் சொல்லாத டிரம்ஸ்காரன்

1986இல் மன்னாரிலிருந்து லண்டனுக்கு வந்து சேர்ந்த எட்வேட்டுக்கு அகதி வழக்கு எழுதிக் கொடுத்தவர் ஆனந்தராஜா. கடைசிக் கையெழுத்தை வாங்கியதும், “தம்பி, கேஸ் முடியுமட்டும் ஒரு இடத்திலயும் பேர் குடுத்துப்போடாதையும். பிடிபட்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்,” என்றார். எட்வேட் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். நூலகத்தில் பேர் பதியவில்லை. பல்வலியில் கன்னம் வீங்கியபோதும் வைத்தியரிடம் போகவில்லை. திரும்பிப் போனவர்கள் கொழும்பில் இறங்கி, வீடு போய்ச் சேராத கதைகளை அவன் கேட்டிருந்தான். ஆனந்தராஜா சொன்னதைச் சிரித்துத் தள்ளிவிட அவனால் முடியவில்லை.

அப்படிப்பட்டவன் போய் விழுந்தது டிரம்ஸில்! லண்டனின் சட்டன் பகுதியில் நண்பன் பீற்றரின் வீட்டுக் கராஜில், ஞாயிறு பூசை முடிந்ததும் பாட்டு தொடங்கும். பீற்றர் கிற்றார். அவன் தங்கை பெர்னடெற் பாடுவாள். கிழிந்த ஒலிபெருக்கியில் கிற்றார் கரகரக்கும். எட்வேட் ஓங்கி அடித்தால் தகரக் கதவு அதிரும். அதிர்ந்தால் அயலவர்கள் பொலிசைக் கூப்பிடுவார்கள். பொலிஸ் வந்தால் பேர் கேட்கும். ஆகவே டிரம்ஸைப் போர்வையால் மூடி அடித்தான். இரண்டு நிமிடமானால் போதும், பாட்டு எந்த வரியில் நின்றாலும் எழும்பிப்போய்க் கதவில் காதை வைப்பான்.

“இன்னும் ஒரு வரி கிடக்கு, எட்வேட் அண்ணை!” என்று பெர்னடெற் கத்துவாள்.

“காணும் பிள்ளை. ஆரோ நடக்கிற சத்தம் கேக்குது.”

உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அவர்களைப் பற்றி எழுதியது. அடங்கிய மேளம், வெட்டியதுபோல் நிற்கும் பாட்டு, இது ஒரு புதுப் பாணி என்று புகழ்ந்தது. பாணியாவது மண்ணாங்கட்டியாவது! எல்லாம் பயம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எட்வேட்டுக்குப் பேய் நடுப்பகலிலேயே வந்தது. 1989இல் ஒரு ஞாயிறு, கதவில் தட்டிக்கொண்டு பொலிஸ்காரர் ஒருவர் நின்றார். அயலவர் முறைப்பாடு செய்திருந்தார்.

“யார் மேளம் அடிப்பது?” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

எட்வேட் குச்சிகளைப் போர்வைக்குள் ஒளித்தான். பிரிட்டிஷ் பாஸ்போட் வைத்திருந்த பீற்றர் முன்னால் வந்து, “நான்தான்,” என்றான். பொலிஸ்காரர் அவன் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

அதன்பிறகு எட்வேட்டுக்கு எல்லாமே பீற்றரின் பெயரில்தான். அடுத்த வருடம் வெளிவந்த அவர்களுடைய ஒரே இசைத்தட்டின் உறையில் கிற்றாருக்கும் டிரம்ஸுக்கும் பீற்றர் பெயரே அச்சாகியது. எட்வேட்தான் அப்படிப் போடச்சொல்லிக் கெஞ்சினான்.

1992இல் கடிதம் வந்தது. அவன் இந்த நாட்டில் தங்கலாம். ஆனந்தராஜாவிடம் ஓடிப்போய்க் காட்டியபோது, இசைத்தட்டுக் கதையும் வாயிலிருந்து வந்துவிட்டது. மனிதர் தலையில் கைவைத்தார்.

“ஐசே, நான் சொன்னது கள்ள வேலைக்குப் பேர் குடுக்காதையும் எண்டு. மேளம் அடிக்கிறதை ஆரப்பா கேஸில எழுதப்போறாங்கள்?”

ஆறு வருடம்! எட்வேட்டுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அடுத்த சனி பின்னேரம் டூட்டிங்கில் ஒரு பப்பில் வாசித்தார்கள். கடிதம் சட்டைப்பையில் இருந்தது. கைகள் முதல்தடவையாக முழு வீச்சில் இறங்கின. பாட்டு நாலு நிமிடம் ஓடியது, அவன் நிறுத்தவில்லை. இசைத்தட்டில் விட்டுப்போன பேரை இனியாவது சொல்வதுதான் நியாயம் என்று நினைத்தாளோ என்னவோ, பெர்னடெற் மைக்கைப் பிடித்து, “டிரம்ஸில், எட்வேட்!” என்று முழுத் தொண்டையில் அறிவித்தாள்.

சனம் எழும்பி நின்று கைதட்டியது. பீற்றர் சிரித்தபடி திரும்பிப் பார்த்தான். எட்வேட் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு, பின்வாசல் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தான்.